கௌட்ரே மாளிகை: நெருப்புக்குத் தப்பிய நினைவு

நவம்பர் பிறந்ததும் நாம் கல்லறைத் தோட்டங்களை நாடிச் செல்கிறோம். நம்மவர் துயிலும் இடத்தில் மெழுகுதிரி ஏற்றுகிறோம். பெயர் சொல்லி மன்றாடுகிறோம். ஆனால் கல்லறையும் இல்லாது, பெயரும் இல்லாது, நினைவுகூர ஒருவரும் இல்லாது மறைந்துபோனவர்கள் எத்தனை எத்தனை பேர்! அத்தகையோரின் நினைவு, எவரும் எதிர்பாராத ஒரு வழியில் காக்கப்பட்ட வரலாறு ஒன்று இங்கிலாந்தில் உண்டு. அந்த வரலாற்றின் நடுவே, எரிந்துபோன ஒரு மாளிகையும், அம்மாளிகையின் சுவரைப் பார்த்து வரையப்பெற்ற ஒரு சித்திரமும் இருக்கின்றன.

முதலில் அந்தச் சித்திரத்தைப் பார்ப்போம். செப்புத் தகட்டில் கூரிய கருவியால் கோடு கோடாகச் செதுக்கி, மைதடவிக் காகிதத்தில் அச்செடுத்த நீண்ட படம் அது. வண்ணம் கிடையாது, கறுப்பும் வெளுப்புமே. நடுவில் ஒரு கோட்டை. அதை நோக்கிக் குதிரைமீது வருபவர் மன்னர் எட்டாம் ஹென்றி. அவருக்குப் பின்னால் பிரபுக்கள். சுற்றிலும் கூடாரங்கள், பீரங்கிகள், ஈட்டி ஏந்திய வீரர்கள். வலப்புறம் போர்ட்ஸ்மத் நகரும் துறைமுகமும். இடப்புறம் படையெடுத்து வந்த பிரெஞ்சுக் கப்பல்கள். இவ்வளவு ஆரவாரத்துக்கும் நடுவே, கோட்டைக்கு அப்பால் கடலில், இரண்டு பாய்மரங்களின் உச்சி மட்டும் நீருக்கு மேலே நீண்டு நிற்கிறது. அதைப் பற்றிக்கொண்டு ஒருவன் கைகளை உயர்த்தி அபயம் கேட்கிறான். சுற்றிலும் மனிதர்கள் மிதக்கிறார்கள். படகுகள் விரைகின்றன.

அது 1545-ஆம் ஆண்டு சூலை 19-ஆம் நாள். மன்னரின் கண்முன்னே அவருடைய போர்க்கப்பல் மேரி ரோஸ் கவிழ்ந்து மூழ்கிய நாள். கப்பலில் இருந்தவர் சுமார் 500 பேர். உயிர் தப்பியவர் 35 பேருக்கும் குறைவு என்பர்.

இச்சித்திரத்தின் மூல ஓவியம் இன்று இல்லை. அந்த ஓவியம் தீட்டப்பெற்றிருந்த சுவர்க்கூடமும் இல்லை. அது இருந்த மாளிகை, கூரையற்ற கற்சுவர்களாக இன்றும் நிற்கிறது. அதன் பெயர் கௌட்ரே.

மாளிகையும் குடும்பமும்

இங்கிலாந்தின் தென்பகுதியில் சசெக்ஸ் மாநிலத்தில் மிட்ஹர்ஸ்ட் என்னும் சிற்றூர் உள்ளது. அதனருகே ரோதர் ஆற்றங்கரைப் பசும்புல்வெளியில், 1520-களில் சர் டேவிட் ஓவன் என்பவர் கௌட்ரே மாளிகையைக் கட்டத் தொடங்கினார். 1529-இல் அது சர் வில்லியம் ஃபிட்ஸ்வில்லியம் கைக்கு வந்தது. அவர் 1542-இல் பிள்ளையின்றி இறக்கவே, மாளிகை அவருடைய தாய்வழிச் சகோதரர் சர் அந்தோனி பிரவுனைச் சேர்ந்தது.

அந்தோனி பிரவுன் மன்னரின் நெருங்கிய நண்பர். அரசவையில் குதிரைலாயத் தலைவர் என்னும் உயர்ந்த பதவியை வகித்தவர். கத்தோலிக்க மரபில் பற்றுடையவராக இருந்தும், மன்னருடைய கட்டளைகளுக்கு ஒருபோதும் குறுக்கே நின்றதில்லை. மன்னர் ரோமையைவிட்டுப் பிரிந்து துறவு மடங்களைக் கலைத்தபோது, அந்தச் சொத்தில் ஒரு பெரும் பங்கு இவருக்கும் கிடைத்தது. அதுதான் பேட்டில் மடம்.

பேட்டில் மடத்தின் தொடக்கத்தை நாம் மறந்துவிடலாகாது. 1066-இல் ஹேஸ்டிங்ஸ் போரில் வென்ற வில்லியம் மன்னர், அப்போர் நடந்த களத்திலேயே அதை நிறுவினார். அங்கு வெட்டுண்டு மடிந்தவர்களின் ஆன்மாக்களுக்காக மன்றாடுவதற்கென்றே ஆசீர்வாதப்பர் சபைத் துறவியர் அங்கு அமர்த்தப்பெற்றனர். தோற்ற மன்னர் ஹெரால்டு விழுந்த இடத்தில் பலிபீடம் அமைக்கப்பட்டதாகவும் மரபு கூறுகிறது. நாலரை நூற்றாண்டுக்கும் மேலாக அங்கே மரித்தோருக்கான மன்றாட்டு ஓய்ந்ததில்லை. 1538 மே மாதத்தில் அது ஓய்ந்தது. துறவியர் வெளியேறினர், மடமும் நிலமும் அந்தோனி பிரவுனுக்கு உரியவையாயின. மடத்தின் பேராலயம் இடிக்கப்பட்டது.

இவ்வளவும் சொன்னபின், அக்குடும்பத்தின் மறுபக்கத்தையும் சொல்வதே நியாயம். அந்தோனி பிரவுன் 1548-இல் இறந்தார். அதே பெயர்கொண்ட அவருடைய மகன், மேரி அரசியாரால் 1554-இல் மான்டேகு பிரபுவாக உயர்த்தப்பெற்றார். மறு ஆண்டு, நாட்டைத் திருச்சபையோடு மீண்டும் ஒப்புரவாக்கும் தூதுக்குழுவில் ஒருவராக ரோமைக்குச் சென்றார். எலிசபெத் அரசியார் காலத்தில், 1559-இல், திருச்சபையின்மீது அரசருக்கே மேலாண்மை என்னும் சட்டம் பிரபுக்கள் அவைக்கு வந்தபோது, அதை எதிர்த்துத் துணிவோடு பேசியவர் இவரே. ஆயினும் அரசியாருக்குத் துரோகம் நினைத்தவரல்லர். 1591 ஆகஸ்டில் எலிசபெத் அரசியார் கௌட்ரே மாளிகையில் சில நாள்கள் விருந்தினராகத் தங்கியது, அந்த நம்பிக்கைக்குச் சான்று.

அவருடைய மனைவி மாக்தலேன் அம்மையார், கணவர் 1592-இல் இறந்தபின் பேட்டிலில் வாழ்ந்தார். திருப்பலி நிறைவேற்றுவதே குற்றமாகக் கருதப்பட்ட அக்காலத்தில், அவருடைய இல்லத்தில் பலிபீடமும் சிற்றாலயமும் இருந்தன, குருக்கள் தங்கினர். சில நாள்களில் 120 பேர்வரை திருப்பலிக்கு வந்ததாக அவருடைய ஆன்ம குருவான ரிச்சர்டு ஸ்மித் எழுதிவைத்திருக்கிறார். அந்த இல்லத்தை அக்கம்பக்கத்தார் 'சின்ன ரோமை' என்றே அழைத்தனர். துறவியரை வெளியேற்றிப் பெற்ற நிலத்திலேயே, இரு தலைமுறைக்குள், தலைமறைவாக வந்த குருக்களுக்குப் புகலிடம் கிடைத்தது! மனிதர் எழுதும் கணக்கு ஒன்று. இறைவன் நடத்தும் வழி வேறொன்று.

சுவரில் ஒருவர் புகழ்

இனி அந்தச் சுவரோவியங்களுக்கு வருவோம். கௌட்ரேயின் உணவுக்கூடத்தில் அவை இருந்தன. 1545-க்கும் 1548-க்கும் இடையில், முதல் அந்தோனி பிரவுனே அவற்றைத் தீட்டச் செய்திருக்க வேண்டும் என்று கருதப்படுகிறது. பிரான்சுநாட்டுப் பூலோன் நகரை 1544-இல் ஆங்கிலப் படை முற்றுகையிட்ட காட்சி ஒன்று. போர்ட்ஸ்மத் அருகே படை இறங்கிய காட்சி ஒன்று. இளம் மன்னர் ஆறாம் எட்வர்டு 1547-இல் முடிசூட ஊர்வலமாகச் செல்லும் காட்சி மற்றொன்று. இப்படிப் பல காட்சிகள். அனைத்துக்கும் ஒரே நோக்கம்: மன்னரின் அருகில் தாம் இருந்ததைத் தம் விருந்தினர் பார்க்கவேண்டும். போர்ட்ஸ்மத் காட்சியில் மன்னரைப் பின்தொடரும் குதிரைவீரர்களுள் அந்தோனி பிரவுனும் ஒருவர்.

ஆனால் அவருக்காக வரைந்த பெயரறியா ஓவியர், தலைவரைப் புகழ்வதோடு தம் வேலையை முடித்துக்கொள்ளவில்லை. கடலில் மூழ்கிய கப்பலையும் வரைந்தார். உச்சிமரத்தைப் பற்றிக்கொண்டிருந்தவனின் கைகளையும் வரைந்தார். அரசருக்கு வெட்கக்கேடான அந்நிகழ்ச்சியை மூடி மறைத்திருக்கலாம், அவர் மறைக்கவில்லை.

இரண்டேகால் நூற்றாண்டுக்குப் பின், இலண்டனிலிருந்த பழம்பொருள் ஆய்வாளர் சங்கத்தாரின் கவனம் இவ்வோவியங்கள்மீது விழுந்தது. 1707-இல் தொடங்கி, 1751-இல் அரச சாசனம் பெற்ற சங்கம் அது. எரியும் ஒரு விளக்கே அதன் சின்னம். 'அது அணைக்கப்படாது' என்னும் பொருள்கொண்ட இலத்தீன் சொற்கள் அதன் விருதுவாக்கு. சங்கத்தைச் சேர்ந்த சர் ஜோசப் அய்லஃப், கௌட்ரே ஓவியங்களை நுணுக்கமாக விவரித்து ஒரு கட்டுரை படித்தார். பின்னர், விவரிப்பு மட்டும் போதாதென்று கருதி, ஓவியங்களைப் பார்த்து வரைந்தெடுத்து அச்சிடவும் சங்கத்தார் ஏற்பாடு செய்தனர்.

செதுக்கும் பொறுப்பு ஜேம்ஸ் பேசியரிடம் ஒப்படைக்கப்பட்டது. பழங்காலக் கல்லறைகளையும் ஆலயங்களையும் உள்ளது உள்ளபடியே செதுக்குவதில் பெயர்பெற்றவர் அவர். பின்னாளில் பெருங்கவிஞராகவும் ஓவியராகவும் விளங்கிய வில்லியம் பிளேக், 1772 முதல் 1779 வரை அவருடைய பட்டறையில்தான் தொழில் பயின்றார். பேசியர் செதுக்கிய போர்ட்ஸ்மத் காட்சி 1778-இல் வெளிவந்தது. முடிசூட்டு ஊர்வலக் காட்சியை, சுவிட்சர்லாந்தில் பிறந்து இங்கிலாந்தில் குடியேறிய சாமுவேல் கிரிம் என்னும் ஓவியர் 1785-இல் நீர்வண்ணத்தில் படியெடுத்தார். மாளிகையின் தோற்றத்தையும் அவர் பல கோணங்களில் வரைந்துவைத்தார். 1788-க்குள் மற்ற ஓவியங்களும் அச்சேறின.

அப்போது மாளிகை உறுதியாகத்தான் நின்றது. ஓவியங்களுக்கு ஆபத்து எதுவும் தென்படவில்லை. 'இருக்கிறதே, பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று அவர்கள் எண்ணியிருந்தால் யாரும் குறைகூறியிருக்க மாட்டார்கள். ஆனால் அவர்கள் தள்ளிப்போடவில்லை.

நெருப்பும் நீரும்

1793 செப்டம்பர் 24-ஆம் நாள் இரவு. மாளிகையின் உரிமையாளர், எட்டாவது மான்டேகு பிரபு, 24 வயது இளைஞர். ஐரோப்பியப் பயணத்தில் இருந்தார். அவருடைய திருமணத்தை முன்னிட்டு மாளிகையில் பழுதுபார்க்கும் வேலை நடந்துவந்தது. அதற்கு வசதியாக மரச்சாமான்களும் ஓவியங்களும் வடபுறத்து நீண்ட கூடத்தில் ஒன்றுசேர்த்து வைக்கப்பட்டிருந்தன. அங்கே தச்சர்களின் பட்டறையில் கனன்றுகொண்டிருந்த கரியிலிருந்து தீ பற்றியது. விடிவதற்குள் மாளிகை வெறும் கூடாயிற்று. பேட்டில் மடத்திலிருந்து வந்து சேர்ந்திருந்த பழம்பொருள்களும் அந்நெருப்பில் அழிந்தன என்பர். உணவுக்கூடத்துச் சுவரோவியங்களும் போயின. அடுக்களைக் கோபுரம் ஒன்றே முழுமையாகத் தப்பியது.

சில வாரங்களுக்குள் மற்றொரு செய்தி. அந்த இளம் பிரபு தம் நண்பரோடு, ரைன் ஆற்றில் லாஃபன்பர்க் அருகேயுள்ள சீறிப்பாயும் நீர்ச்சுழல்களைப் படகில் கடக்க முயன்றார். தடுத்தவர் பேச்சைக் கேட்கவில்லை. இருவரும் நீரில் மூழ்கி மாண்டனர். மாளிகை எரிந்த செய்தி அவரை எட்டவே இல்லை என்றும் சொல்வர்.

பிரபுப் பட்டம், பிரான்சில் துறவியாக இருந்த உறவினர் ஒருவரைச் சென்றடைந்தது. குடும்பம் அற்றுப்போகாதிருக்க அவர் திருத்தந்தையின் அனுமதி பெற்று மணம்புரிந்தும், 1797-இல் பிள்ளையின்றியே இறந்தார். நிலபுலம் இறந்த பிரபுவின் சகோதரிக்குச் சென்றது. 1815-இல், பாக்னர் கடற்கரையில், அவருடைய இரு புதல்வரும் படகு கவிழ்ந்து, கரையிலிருந்த தாயின் கண்முன்னே மூழ்கினர்.

இவ்வளவும் நடந்தபின் மக்கள் பேசாமல் இருப்பார்களா? பேட்டில் மடத்தை அந்தோனி பிரவுன் கைப்பற்றிக் கொண்டாடிய விருந்தின்போது, ஒரு துறவி அங்கே தோன்றி, நெருப்பாலும் நீராலும் உன் வம்சம் அழியும் என்று சபித்தார் என ஒரு கதை பரவியது. பல நூல்களிலும் அது இடம்பெற்றது. கத்தோலிக்கரான நமக்கும் அக்கதை ஓரளவு இனிப்பாக இருக்கக்கூடும். பறித்த சொத்து நிலைக்காது என்று நம்மிடையேயும் சொல்வதுண்டன்றோ?

ஆயினும் சற்று நின்று சிந்திப்போம். மடம் பறிக்கப்பட்டது 1538-இல். மாளிகை எரிந்தது 1793-இல். இடையில் 255 ஆண்டுகள். அந்த நீண்ட காலத்தில் இக்குடும்பத்தார் பலர் விசுவாசத்துக்காக அபராதமும் சிறையும் ஏற்றனர். குருக்களை மறைத்துக் காத்தனர். சாபம் என்றால் அது முதலில் தொட்டிருக்கவேண்டியவர் பறித்தவரல்லரா? அவரோ கௌரவத்தோடு வாழ்ந்து படுக்கையில் இறந்தார். 1815-இல் கடலில் மாண்ட சிறுவர்கள் எந்த மடத்தைப் பறித்தார்கள்? கண்முன்னே பிள்ளைகளை இழந்த அந்தத் தாயிடம் போய்ச் சாபக்கதை சொல்ல நமக்கு மனம் வருமா?

சீலோவாம் கோபுரம் விழுந்து மடிந்தவர்களைப் பற்றி ஆண்டவர் தந்த எச்சரிக்கையை நாம் அறிவோம். விபத்தில் மாண்டவரைக் காட்டிலும் நாம் நல்லவர்கள் என்று எண்ணிக்கொள்வதை அவர் ஏற்கவில்லை. அநீதி அநீதியே, பேட்டில் துறவியருக்கு இழைக்கப்பட்டதை நாம் மறைக்கவேண்டியதில்லை. ஆனால் இறைவனின் நீதியை, கவனக்குறைவாக விடப்பட்ட ஒரு கரித்தணலில் தேடுவது விசுவாசமாகாது. மாளிகை எரிந்ததற்குக் காரணம் அணைக்காமல் விட்ட நெருப்பு. பிரபு மாண்டதற்குக் காரணம் இளமையின் துணிச்சல்.

கடல் திருப்பித் தந்தவை

சாபக்கதையைக் காட்டிலும் ஆழமான ஒன்று இவ்வரலாற்றில் எனக்குத் தென்படுகிறது. சங்கத்தார் தள்ளிப்போட்டுக்கொண்டே போயிருந்தால், அச்சுப்படம் இல்லை. மேரி ரோஸ் மூழ்கிய காட்சியை அக்காலத்தவர் கண்டபடி காட்டும் சித்திரமே உலகில் இல்லாது போயிருக்கும். தகடு செதுக்கப்பட்டதற்கும் மாளிகை எரிந்ததற்கும் இடைவெளி வெறும் 15 ஆண்டுகள். கற்சுவர் நெருப்புக்கு ஈடுகொடுக்கவில்லை. ஒரு மெழுகுதிரிச் சுடருக்கே சாம்பலாகும் காகிதம் தப்பித்து நின்றது. பல படிகளாகி, பல கைகளுக்குப் போய்விட்டதால் தப்பித்தது. பெட்டியில் பூட்டிவைத்ததைவிடப் பிறரோடு பகிர்ந்துகொண்டதே நீடித்தது.

1965-இல் அலெக்சாண்டர் மெக்கீ என்பவர் மேரி ரோஸ் கப்பலைத் தேடத் தொடங்கியபோது, ஆய்வாளர் முன்னிருந்த பழைய சான்றுகளுள் கௌட்ரே சித்திரமும் ஒன்று. 1971-இல் கப்பலின் மரங்கள் கடலடிச் சேற்றில் கண்டறியப்பட்டன. 1982 அக்டோபர் 11-ஆம் நாள், உலகமே பார்த்திருக்க, கப்பலின் எஞ்சிய உடற்பகுதி கடலுக்கு மேலே தூக்கப்பெற்றது. அதனுடன் ஆயிரக்கணக்கான பொருள்கள் கிடைத்தன: வில்கள், மரக்கிண்ணங்கள், காலணிகள், சீப்புகள். அவற்றினிடையே செபமாலை மணிகளும் இருந்தன.

அன்பு வாசகர்களே, இங்கே சிறிது நில்லுங்கள். பேட்டில் மடம் மூடப்பட்ட அதே 1538-ஆம் ஆண்டில்தான், பொருளுணராமல் மணிகளை எண்ணிச் செபிப்பதைக் கண்டித்து அரச ஆணை வெளிவந்தது. ஏழு ஆண்டுகள் கழித்து, அதே மன்னருக்காகப் போரிடச் சென்ற எளிய மாலுமிகள், தங்கள் உடைமைகளோடு செபமாலையையும் எடுத்துச் சென்றிருக்கிறார்கள்! அரசாணைகள் காகிதத்தில் இருந்தன. தாய் கற்றுக்கொடுத்த செபம் சட்டைப்பைக்குள் இருந்தது.

கப்பலில் கிடைத்த மாலுமிகளின் எலும்புகளுள், பெயர் தெரியாத ஒருவருடையவை, அனைவருக்கும் பிரதிநிதியாக, 1984 சூலை 19-ஆம் நாள் போர்ட்ஸ்மத்திலுள்ள ஆங்கிலிக்கன் பேராலயத்தில் அடக்கம் செய்யப்பெற்றன. கப்பல் மூழ்கி அன்றோடு 439 ஆண்டுகள். 1545-இல் இங்கிலாந்து ரோமையிலிருந்து பிரிந்திருந்தபோதிலும், ஆலயங்களில் இலத்தீன் திருப்பலிதான் நிறைவேற்றப்பட்டு வந்தது. ஆகவே, அம்மாலுமி தம் வாழ்நாளில் அறிந்திருந்த பழைய சாரம் முறையைத் தழுவியே அவ்வடக்க வழிபாடு அமைந்தது. மரித்தோருக்கான மன்றாட்டை நாட்டைவிட்டே அகற்றியவர்களின் வழித்தோன்றல்கள், அந்த மன்றாட்டையே மீண்டும் தேடி எடுத்தனர்.

போரில் மடிந்தவர்களுக்காக மன்றாட நிறுவப்பட்ட மடம் மௌனமாயிற்று. அம்மடத்தைப் பெற்றவர் தம் புகழுக்காக ஓர் ஓவியம் தீட்டச் செய்தார். அதன் நடுவே, பெயரற்ற ஓர் ஓவியர், மூழ்குகின்ற மனிதர்களை மறவாமல் வரைந்தார். பெயர்பெற்ற ஒரு கைவினைஞர் அதைப் பிழையின்றிச் செதுக்கினார். மாளிகை எரிந்தது, வம்சம் முடிந்தது, பட்டம் மறைந்தது. அந்தோனி பிரவுன் காட்ட விரும்பிய அந்தோனி பிரவுனை இன்று சித்திரத்தில் தேடிக் கண்டுபிடிக்கவேண்டியிருக்கிறது. உலகம் உற்றுப்பார்ப்பதோ, பாய்மர உச்சியில் கையுயர்த்தி நிற்கும் அந்தப் பெயரில்லா மனிதனை.

கௌட்ரேயின் இடிபாடுகளை, 1909-இல் அந்நிலத்தை வாங்கியவர், மேலும் சரிந்துவிடாதபடி பாதுகாக்கச் செய்தார். கூரையில்லாத பெருங்கூடத்தின் சாளரங்கள் வழியே இன்று வானம் தெரிகிறது. உணவுக்கூடத்துச் சுவர்களில் வண்ணத்தின் சுவடுகூட இல்லை. செப்புத்தகட்டுச் சித்திரம் அந்த வண்ணத்தைத் திருப்பித் தராது. கடலின் நீலம் எப்படி இருந்தது, மன்னரின் அங்கி என்ன நிறம் என்று அது சொல்லாது. இழப்பு இழப்புதான். ஆனால் யார் அங்கே மாண்டார்கள் என்பதை அது மறக்கவிடவில்லை.

சிறிய காரியத்தில் பிரமாணிக்கமாய் இருப்பதன் மதிப்பை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சி வேறு வேண்டுமா? பேசியரின் பட்டறையில் ஒரு நாள், ஒரு மனிதனின் இரு கைகளைக் குறிக்கும் சில கோடுகள் செதுக்கப்பெற்றன. அவை இல்லாவிட்டாலும் படத்துக்கு விலை குறைந்திருக்காது. யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஆயினும் அந்தக் கோடுகளை அவர் விட்டுவிடவில்லை.

இவ்வாண்டு கல்லறைத் தோட்டத்தில் நம்மவருக்கு மெழுகுதிரி ஏற்றியபின், பெயர்ப்பலகை உதிர்ந்துபோன ஒரு கல்லறையிலும் ஒன்றை ஏற்றிவைப்போம். உயர்த்திய கைகளோடு மறைந்த அத்தனை ஆன்மாக்களும் இறைவனில் இளைப்பாறுவார்களாக.